பழைய பாக்கி கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உலகக் காலநிலை மாநாடுகளில் இந்தியாவின் சார்பில் பேசும் குழுவினர், சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், இந்திரா பர்யாவரண் பவன், ஜோர் பாக், புது டெல்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஜங்புராவில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழன் நான். கரோல் பாகில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். காலநிலை அறிவியல் என் துறை இல்லை. பாக்கி, வட்டி, வாரிசு, பொறுப்பு இவைதான் எனக்குத் தெரிந்தவை. முன்பே எரித்து வளர்ந்த நாடுகள்தான் பூமி சூடானதற்குப் பெரும் பொறுப்பு, அவை ஈடு தர வேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு நீங்கள் எடுத்துக்கொண்டு போவதும் ஒரு பாக்கிக் கணக்குதான் என்பதால் எழுதத் துணிந்தேன்.

உங்கள் கணக்கு சரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1850 முதல் 2019 வரை மனிதர்கள் காற்றில் விட்ட கரியமில வாயு ஏறக்குறைய 2.4 லட்சம் கோடி டன் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி. அதில் தெற்காசியா முழுவதற்கும் சேர்த்தே சுமார் 4 சதவீதம்தான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் புகையை மட்டும் எடுத்தால், இதுவரை வந்ததில் கால்வாசி அமெரிக்கா என்ற ஒற்றை நாட்டுடையது. பிரிட்டன் நம் உத்தரப் பிரதேசத்தைவிடச் சற்றே பெரிய நிலப்பரப்பு. அதன் மொத்தப் பங்கு இன்றும் இந்தியாவைவிடக் கூடுதல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகப் புகையில் பாதிக்கு மேல் அந்த ஒரு தீவிலிருந்து வந்தது. வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் மேலேயே நிற்கும் என்பதால், மான்செஸ்டர் ஆலைகள் எரித்த கரியில் கொஞ்சம் இப்போதும் நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. அவர்கள் காலனிகளில் எரித்ததை அவர்கள் கணக்கிலேயே எழுதினால் பிரிட்டனின் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது என்று கணக்கிட்டவர்களும் உண்டு.

வளர்ந்த நாடுகளின் பக்கத்திலிருந்து வரும் முதல் பதில் உங்களுக்குப் பழகியதுதான். தாத்தா எரித்ததற்குப் பேரன் எப்படிப் பொறுப்பு? இதே கேள்வி வேறு உருவில் எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வரும். தகப்பனார் தவறிப்போயிருப்பார். மகன் வீட்டுப் பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்து, பெயர் மாற்ற என்ன செய்யணும் என்று கேட்பார். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, வாசலைப் பார்த்துக்கொண்டே, "அப்பா வாங்கின கடன் கொஞ்சம் இருக்கு சார், அது என் மேல வருமா?" என்பார். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. தீர்ப்பான கடனுக்காக மகனின் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. ஆனால் அப்பாவின் சொத்து எவ்வளவு மகன் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்குப் பொறுப்பு உண்டு. வீட்டை வைத்துக்கொண்டு, கடனை மட்டும் அப்பாவோடு சிதையில் ஏற்றிவிட முடியாது.

மாநாட்டில் நீங்கள் பேச வேண்டிய மொழி இதுதான் என்று நினைக்கிறேன். இன்று கிளாஸ்கோவிலோ டெட்ராய்ட்டிலோ இருக்கும் ஒரு இளைஞனைப் பார்த்து 'நீ குற்றவாளி' என்றால் அவன் கோபப்படுவான். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும். ரயில் பாதை, துறைமுகம், பல்கலைக்கழகம், ஓய்வூதிய நிதி, எங்கும் செல்லுபடியாகும் நாணயம் என்று அவன் கைக்கு வந்தது என்ன என்று கேட்டால் கோபப்பட இடமில்லை. அது எரித்துச் சேர்த்த சொத்து. வேண்டாம் என்று யாரும் அதை மறுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது பதில், தெரியாமல் செய்துவிட்டோம் என்பது. 1896-லேயே ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதை விட்டுவிடலாம், ஒரு விஞ்ஞானியின் கட்டுரை எல்லோர் காதிலும் விழுந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. 1965-ல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் அறிவியல் ஆலோசகர்களே இதை எழுதிக் கொடுத்தார்கள். 1977-ல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், மேலதிகாரிகளை உட்கார வைத்து விளக்கினார். 1990-ல் ஐபிசிசியின் முதல் அறிக்கை வந்தது. மேலே சொன்ன 2.4 லட்சம் கோடி டன்னில் 42 சதவீதம், 1990-க்குப் பின் முப்பதே ஆண்டுகளில் வெளியேறியது. தெரிந்த பின்.

இந்த இடத்தில் மட்டும் கவனமாகக் கால் வையுங்கள். 1990 என்று கோடு கிழித்துவிட்டால் சீனாவின் பங்கு ஏறும். நம் பங்கும் ஏறும். 'தெரிந்தே செய்தீர்கள்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அது நம் பக்கமும் திரும்பும். வாரிசுப் பொறுப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம் கைக்கு வந்த சொத்து அவ்வளவு இல்லை. சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 வரையிலான மொத்தத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளையும் சீனா தாண்டிவிட்டது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தாலும் இன்று சராசரிச் சீனர் சராசரி ஐரோப்பியரைவிட அதிகம் எரிக்கிறார். வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-77 கூட்டத்தில் அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, வளரும் நாடுகள் என்று ஒரே மூச்சில் பேசுவது இன்னும் எத்தனை நாளைக்கு நம்பும்படி இருக்கும் என்று தெரியவில்லை. ராஜதந்திரம் எனக்குப் புரியாது. கணக்கு அங்கே உதைக்கிறது, அவ்வளவுதான்.

பாக்கிக்காரர்கள் நடந்துகொண்ட விதம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1992-ல் ரியோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முகவுரையே, இதுவரை வந்த புகையில் பெரும்பங்கு வளர்ந்த நாடுகளுடையது என்று ஒத்துக்கொள்கிறது. 2015-ல் பாரிஸில், அங்கே உருவான ஒப்பந்தத்தில் காலநிலை இழப்புகள் பற்றிய பிரிவு எந்தப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்று தனியாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார்கள். வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னது 2022-ல்தான் எட்டியது. அதிலும் பெரும்பகுதி கடன். ஒருவருக்குத் தர வேண்டிய பாக்கியை அவருக்கே வட்டிக்குக் கொடுப்பதை எங்கள் தொழிலில் என்ன தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாகு நகர மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று சுத்தியலைத் தட்டிய பிறகு, நம் குழுவின் சாந்தினி ராய்னா எழுந்து, இது வெறும் கண்கட்டு வித்தை என்றார். படித்தபோது கை தட்டத் தோன்றியது.

அடுத்த மாதமே வேறொன்று நடந்தது. ஹேக் நகரில், வனுவாட்டு போன்ற தீவு நாடுகள் முன்னின்று காலநிலை விஷயத்தில் நாடுகளுக்கு உள்ள சட்டக் கடமை என்ன என்று ஐ.நா. பொதுச் சபை வழியாகக் கேட்ட கேள்வியைச் சர்வதேச நீதிமன்றம் விசாரித்தது. செல்வந்த நாடுகளின் பழைய பொறுப்பை அங்கேயும் இந்தியா அழுத்தமாகச் சொன்னது, சரி. கூடவே, இப்போதுள்ள ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமை எதையும் நீதிமன்றம் உருவாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. அது வெளியுறவு அமைச்சகத்தின் மேசை என்பீர்கள். இருக்கட்டும். கடன் கொடுத்தவனே கோர்ட்டுக்குப் போக வேண்டாம் என்றால், நாளைக்குத் தன் பெயரும் அந்தப் பேரேட்டில் வரும் என்ற தயக்கம் அவனுக்கு இருக்குமோ என்று சந்தேகம் வரும். எனக்கு வந்தது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் அந்த வேண்டுகோளைத் தாண்டியே போனது. ஒப்பந்தங்கள் மட்டுமல்ல, நாடுகளின் வழக்கத்தில் நிலைத்த பன்னாட்டுச் சட்டமும் அவற்றைக் கட்டுப்படுத்தும். கடமை தவறினால் ஈடு செய்யும் பொறுப்பு வரலாம் என்றது.

இனி உள்ளூர்க் கணக்கு. இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வாதத்தின் முதுகெலும்பு ஒரு சராசரி. அமெரிக்கருக்குத் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியருக்குச் சுமார் 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. 1972-ல் ஸ்டாக்ஹோமில் இந்திரா காந்தி, வறுமையும் தேவையும்தானே பெரிய மாசு என்று கேட்டதிலிருந்து நாம் நிற்கும் இடம் இது. உங்கள் கட்டடமே அவர் பெயரில்தான் இருக்கிறது. 1990-ல் வாஷிங்டனிலிருந்து ஒரு ஆய்வு நிறுவனம் நம் நெல் வயலையும் மாட்டையும் கணக்கில் சேர்த்து, உலகைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டே சூழலியல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதே டெல்லியில் உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்ந்தார்கள். வயிற்றுக்காக வெளிவரும் வாயுவும் வசதிக்காக வெளிவரும் வாயுவும் ஒன்றா என்று அவர்கள் கேட்ட கேள்வியை இன்றுவரை எந்த மாநாடும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அந்தக் கேள்வியை ஒரு நாளாவது ஜோர் பாகிலும் கேட்டுப் பாருங்கள் என்கிறேன். அந்த 2 டன் யாருடையது?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி டெல்லி வந்தவர். ஜங்புராவில் பாரபுல்லா நாலாவை, அதாவது கழிவுநீர்க் கால்வாயை, ஒட்டியிருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் இருந்தார். கரன்ட் பில் வந்தால் என்னிடம் நீட்டுவார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், பில் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். 2024 ஜூன் பில் நினைவிருக்கிறது. ஐந்து பேர், ஒரே அறை, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், மோட்டார் கத்தும் ஒரு கூலர். 180 யூனிட் சொச்சம். 200 யூனிட்டுக்குள் என்பதால் கட்ட வேண்டியது பூஜ்யம். அந்த மாதம் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இரண்டு ஏசி. 900 யூனிட்டைத் தொட்டது. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. அவர் வீட்டில் தலைக்கு 25 கிலோ, எங்கள் வீட்டில் 210. எட்டு மடங்குக்கு மேல். நாங்கள் ஒன்றும் பங்களாவாசிகள் இல்லை. லோதி ரோட்டைத் தாண்டிப் போனால் எங்கள் பில்லைப் பார்த்துச் சிரிக்கும் வீடுகள் உண்டு.

அந்தக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி, 79 ஆண்டுகளில் அதிகம். உங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பதிவான எண் அது. ஜூன் நடுவில் ஒரு ராத்திரி 35.2-க்குக் கீழே இறங்கவே இல்லை. அக்காவின் வீட்டுக் கூரை தகரம். அதன் மேல் தார்ப்பாய், அதற்கும் மேல் யாரோ தலைவர் சிரிக்கும் பழைய ஃபிளக்ஸ். கூலரில் ஊற்றத் தண்ணீர் இருந்தால்தான் அது கூலர், இல்லையென்றால் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி காற்றடிக்கும் ஒரு தகரப் பெட்டி. ராத்திரியில் சிமென்ட் தரையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி, ஈரம் காய்வதற்குள் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்களாம். காய்ந்தால் மறுபடி ஒரு வாளி. அவர் வேலை செய்யும் வீடுகளின் ஏசிகள் எல்லாம் சூட்டைத் தெருப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன, எங்கள் ஏசியும்தான்.

2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. நாலா அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, தூர்வார வழி வேண்டும் என்பது காரணம், நீதிமன்ற உத்தரவு. ஏறக்குறைய 370 வீடுகளில் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று தேறியவை 189. உத்தரவின் சட்ட நியாயத்தை இங்கே பேசப் போவதில்லை. வெள்ளம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பாருங்கள், மழையும் வெயிலும் முறை தவறியதற்கு இந்த ஊரிலேயே மிகக் குறைந்த பங்கு வைத்திருந்தவர்கள்தான், வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்ற முதலில் வீட்டைக் காலி செய்தார்கள். அக்கா தகுதி பெற்றவர்களில் ஒருவர். நரேலா டெல்லியின் வடக்கு ஓரம். விடிவதற்கு முன் கிளம்பி, பஸ் மாறி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ஜங்புராவுக்கு வேலைக்கு வருகிறார். பெண்களுக்கு டிடிசி பஸ் இலவசம்; நேரம் இலவசம் இல்லை. பெரியவளை லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்குப் பல பள்ளிகள் இருக்கின்றன; நரேலாவில் ஒன்றும் இல்லை.

இந்தியாவின் சராசரியை 2 டன்னில் பிடித்து வைத்திருப்பது என்னைப் போன்றவர்களின் சிக்கனம் அல்ல. இவரைப் போன்ற கோடிக்கணக்கானவர்களின் இல்லாமைதான். அவர்கள் எரிக்காமல் விட்டதைக் காட்டித்தான் என் ஏசிக்கும், விமானத்தில் பறப்பவர்களின் பயணத்துக்கும் மாநாட்டில் நீங்கள் இடம் கேட்கிறீர்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

அந்தப் பக்கம் பணம் தந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பீர்களோ என்னவோ. நம் கைக்கே வந்த பணம் ஒன்று இருந்ததே, அதைப் பார்ப்போம். 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது தனி நோக்கத்துக்கான கூடுதல் வரி, போட்டோம். எரிப்பவர் கொடுக்கட்டும், அந்தக் காசு தூய ஆற்றலுக்குப் போகட்டும் என்பதுதான் அதன் நியாயம். 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ளத் தகுதியான வரி அது; உண்மையாகவே அன்று பெருமைப்பட்டேன். 86,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அதற்கென்று அமைத்த நிதிக்கு மாறியது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நிதியிலிருந்து செலவானது அதிலும் பாதியைச் சற்றே தாண்டியது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறிப்போனது. 2025 செப்டம்பரில் அதுவும் எடுக்கப்பட்டு, நிலக்கரி ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமாகி, பொதுக் கஜானாவில் கலந்துவிட்டது. தகரக் கூரைக்கு அடியில் ஒரு கூலராக, ஒரு நல்ல கூரையாக அந்தக் காசு இறங்கியதற்கு ஒரு வரவுச்சீட்டும் என் கண்ணில் படவில்லை. நாளைக்குப் பாகுவில் சொன்ன பணம் வந்தாலும் இதே வழியில்தான் போகும் என்று எதிர்த்தரப்பு வாயைத் திறந்தால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழ்வது உரிமை என்று 2024-ல் நம் உச்ச நீதிமன்றமே, அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளை வைத்துச் சொல்லிவிட்டது. ஆகவே இதை யாரும் தரும காரியமாகச் செய்ய வேண்டியதில்லை.

நான் கேட்பது சின்னது, கணக்காளன் கேட்கக்கூடியது. 2024 டிசம்பர் இறுதியில் ஐ.நா.வுக்கு நீங்கள் அனுப்பிய நான்காவது ஈராண்டு அறிக்கையைப் படித்தேன். 2020-ல் இந்தியாவின் மொத்தம் 295.9 கோடி டன். ஆற்றல் துறை முக்கால்வாசி, வேளாண்மை 13 சதவீதத்துக்கு மேல் என்று துறைவாரியாக ஒழுங்காகப் பிரித்திருக்கிறீர்கள். வீடுவாரியாக இல்லை. செலவு செய்யும் அளவை வைத்து மக்களைப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் தலைக்கு எத்தனை டன் என்று ஒரே ஒரு அட்டவணை சேருங்கள். தரவு இல்லை என்று சொல்ல முடியாது. 2022-23, 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. யாரிடம் ஃபிரிட்ஜ் இருக்கிறது, யாரிடம் கார் இருக்கிறது, மின்சாரத்துக்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பெருக்கிக் கூட்டினால் போதும். மேல்தட்டுப் பத்து சதவீதத்துக்கு ஐரோப்பியச் சராசரியை நெருங்கும் எண் வந்தால் வரட்டும். அதைப் பார்த்து எதிர்த்தரப்பு சிரிக்கும் என்று பயப்படாதீர்கள். அடியில் இருக்கும் பாதிப் பேருக்கு வரும் எண்ணைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

அதே அட்டவணைக்குக் கீழே இன்னொரு வரிசை: காலநிலையின் பெயரில் உள்நாட்டில் வசூலித்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது, இரண்டிலும் அந்தப் பத்துப் பங்கில் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது. முதல் ஆண்டில் அடிவரிசைகளில் பூஜ்யங்கள் வந்தாலும் அப்படியே அச்சிடுங்கள். 2028 மாநாட்டை இந்தியாவில் நடத்தலாம் என்று 2023-ல் துபாயில் பிரதமர் முன்மொழிந்தார். அந்த ஆண்டுக்குள் இரண்டாவது வரிசையில் பூஜ்யம் அல்லாத எண்கள் ஏறியிருந்தால், பாக்கி கேட்கும்போது உங்கள் குரலுக்கு இன்னும் கனம் கூடும்.

அமைச்சகத்தில் இதற்கு ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை. ஜங்புராவிலிருந்து ஜோர் பாக் பக்கம்தான்.

இப்படிக்கு,
ஜங்புராவிலிருந்து ஒரு கணக்காளன்